60 நாள் கணக்கு

ஜனவரி 19

குளித்துவிட்டு வந்த அக்கா, கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து இடது மார்பின் மேல்புறத்தில் வைத்தாள். கட்டைவிரல் நுனி அளவு, கல் மாதிரி. ஐந்து மாதமாக இருக்கிறதாம். "வலிக்கவே இல்லைடி, அதான் சொல்லலை." வலித்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் இதில் வினையே.

ஜனவரி 21

டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று பத்து நாளுக்கு மாத்திரை எழுதினார். அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 2

மாத்திரை தீர்ந்தது, கட்டி அப்படியே. வேறு டாக்டரிடம் போனோம். இவர் விரல்களைச் சேர்த்து வட்டமாக அழுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளையும் தடவினார். "நெறி கட்டியிருக்கே" என்றார். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மும்பையில் 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருடம் ஓர் ஆய்வு நடந்தது. மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே கிடையாது, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களின் கைதான். 50 வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. அக்காவுக்கு 52. முதல் டாக்டருக்கும் இரண்டு கை இருந்ததே!

பிப்ரவரி 24

ஸ்கேனுக்கே மூன்று வாரம். இன்றுதான் ஊசியால் சதை எடுத்தார்கள். வெள்ளை நூல் துண்டு மாதிரி நான்கு. சின்ன டப்பாவில், சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் ஊற்றி, அதில் போட்டு, "லேப்ல குடுத்துடுங்க" என்று என்னிடமே நீட்டினார்கள். லேப் வேறு இடத்தில். மூடி கசிகிறதா என்று பார்த்தபடியே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஃபார்மலினில் போடத் தாமதமானாலும், நாள்கணக்கில் ஊறிக் கிடந்தாலும் ஹார்மோன் பரிசோதனை தப்பாக வரலாம் என்று அப்புறம்தான் படித்தேன். ஹார்மோன் மாத்திரை கேட்குமா கேட்காதா என்பது அதை வைத்துத்தான் தெரியும். நல்லவேளை, பஸ்ஸில் இருந்தபோது இது எனக்குத் தெரியாது.

மார்ச் 9

புற்றுநோய்தான். ஹார்மோன் பரிசோதனைக்கான மருந்து லேபில் தீர்ந்துவிட்டதாம், காத்திருக்கச் சொன்னார்கள்.

மார்ச் 22

முதல் டாக்டரைப் பார்த்து இன்றோடு 60 நாள். அதற்குள் நோயறிதல் முடிந்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. எங்களுக்கு இன்னும் பாதி ரிப்போர்ட்தான் வந்திருக்கிறது.

அதே நிறுவனத்தின் இன்னொரு கணக்கு: மிக வளர்ந்த நாடுகளில் வாழ்நாளில் 12 பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது, 71 பேரில் ஒருவர் இறக்கிறார். பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். சரி, அந்த ஐந்து மாதம் அக்கா கணக்கு. இந்த 60 நாள் யார் கணக்கு?

மார்ச் 27

ரிப்போர்ட் முழுசாக வந்தது. ஹார்மோன் பாசிட்டிவ், மாத்திரை கேட்கும். புது டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டார். "அஞ்சு மாசம் சும்மா இருந்துட்டேன்" என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். ஜனவரி 21ஆம் தேதியை நான் சொன்னேன். பேனாவை மூடப் போனவர் திரும்பத் திறந்து அதையும் எழுதினார்.