மூடிக்கு அடியில் ஒரு பால் கவர்

அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இருபது நாளாகியும் போய்ப் பார்க்கவில்லையே என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குக் கிளம்பினோம். அம்மா, மனைவி, மகள், நான். பஸ்ஸிலேயே போயிருக்கலாம். நான்தான் வீம்புக்கு அப்பாவின் பத்மினி காரை எடுத்தேன்.

1984 மாடல். 1089 சிசி. கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழேயே இருக்கும். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது இரண்டு நண்பர்கள் எனக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். "நம்ம வண்டி கல்லு மாதிரி ஓடுது" என்று பெருமையடித்திருந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

முதல் நாள் சாயங்காலம் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு வந்தேன். அம்மாவுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது, குமட்டிவிடும். மூடியைச் சுற்றி லேசாக வாடை வருகிறது என்று சொன்னதும், கழுவிக் காயவைத்திருந்த பால் கவர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதை வச்சு இறுக்கி மூடு" என்றார். மூடினேன். வாடை சுத்தமாக நின்றுவிட்டது.

தேவிபட்டினம் வரை ஒரு குறையும் இல்லை. நவபாஷாணக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அம்மா கும்பிட்டுக்கொண்டார். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிக்கு விக்கல் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. இரண்டு தரம் குலுங்கிவிட்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நிழல் என்று சொல்ல ஒரே ஒரு பனைமரம், அதுவும் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பதற்றமே இல்லை, ஏனென்றால் வைத்தியம் தெரியும். பத்மினியில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. அகோர வெயிலில் பம்பும் டியூபும் சூடேறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் பெட்ரோலைத்தான் இழுக்க முடியும், ஆவியை அல்ல. அப்பா இதற்கென்றே டிக்கியில் ஒரு துண்டு வைத்திருப்பார். நனைத்துப் பம்பின் மேல் போட்டு, ஒரு பீடி முடிகிற நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். நானும் அப்படியே செய்தேன், பீடி இல்லாமல். கிளம்பியது. "அப்பா படிப்பு" என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

நாலு கிலோமீட்டர். திருப்பாலைக்குடி உப்பளம் கண்ணில் பட்ட நேரத்தில் மறுபடி விக்கல், மறுபடி நின்றது. மறுபடி துண்டு. குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாதி பம்புக்கே போய்விட்டது. மனைவி எதுவும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு ஆகாது என்று ஆரம்பித்தேன். "போன வருஷந்தான டியூப் எல்லாம் மாத்துனேன்னீங்க?" என்றாள்.

"உப்பூர்ல வெயிலுகந்த பிள்ளையாரு இருக்காரு, பாத்துக்குவாரு" என்றார் அம்மா. வெயிலை உகந்தவரிடம் போய் வெயிலைப் பற்றி என்ன முறையிடுவது!

அந்த நேரம் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். நண்டு வியாபாரம், சொந்தமாக வள்ளமும் உண்டாம். பானெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நின்னு நின்னு கிளம்புதாண்ணே? டேங்க் மூடியத் திறங்க" என்றார்.

திறந்தேன். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பால் கவர் குழியாக உள்பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது, உறிஞ்சிய கன்னம் மாதிரி.

"எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடுவீகள்ல? ஒண்ணு எண்ணெய் வர, இன்னொண்ணு காத்துப் போக. காத்துப் போற ஓட்டைய அடைச்சுட்டா எப்புடிண்ணே எண்ணெய் வரும்? வள்ளத்துலயும் கேன் மூடிய இறுக்கிட்டா இதே கததான், நடுக்கடல்ல நிப்போம்."

என் வண்டியில் டேங்குக்குக் காற்று போகிற வழி மூடியில் இருக்கும் சின்னத் துளைதான். போதாக்குறைக்கு டேங்க் நிறைய இருந்ததால் உள்ளே காற்றுக்கு இடமே கொஞ்சம். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே இழுவை கூடி, பம்ப் தோற்றுவிட்டது. அப்படியானால் துண்டு? வண்டி நின்றிருந்த நேரத்தில் கவர் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது. துண்டை எடுத்து என் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும்.

தம்பி காசு வாங்கவில்லை. நண்டு வாங்கச் சொன்னார். ஒன்றரைக் கிலோ வாங்கினோம். கவர் இல்லாமல் வண்டி தொண்டி வரை மூச்சுத் திணறாமல் போனது. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி வந்தார்.

சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்றிருந்தது.

"எங்கல்யாணத்தன்னைக்கும் இதே ரோட்டுல மூணு எடத்துல நின்னுச்சுடா. உங்கப்பா துண்டும் கையுமா ஓடுனாரு. முகூர்த்தம் தப்பிருமோன்னு நான் அழுதுட்டேன். அன்னைக்கும் வாடை அடிக்குதுன்னு மதினிதான மூடிக்குப் பாலிதீன் பை வச்சுக் கட்டுனாக?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"நண்டு நல்ல சதப்பிடிப்பு. குழம்புலதான் புளி கொஞ்சம் தூக்கல்" என்றார்.