மைத்துனரின் நீராவிச் சைக்கிளும் அத்தையின் வெந்நீர் பாய்லரும்

நீராவிச் சைக்கிள் என்று சொன்னவுடன் கேட்பவர்கள் சைக்கிளைத்தான் மனக்கண்ணில் காண்கிறார்கள். அதைச் செய்யும் ஆளோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் உண்மை தெரியும்: சைக்கிள் உக்கடம் பழைய இரும்புக் கடையில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும், மீதி மாதங்கள் முழுவதையும் பாய்லர் தின்றுவிடும்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் இந்த ஆசையை ஓர் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில்வெஸ்டர் ரோப்பர் என்பவர் 1860களின் இறுதியிலேயே நீராவியால் ஓடும் இருசக்கர வண்டியைச் செய்ததையும், ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சில் பெரோ என்பவர் மிஷோ சைக்கிள் ஒன்றில் சிறிய நீராவி எந்திரத்தைப் பொருத்தியதையும், அதே ரோப்பர் 1896இல், தமது 72ஆம் வயதில், கேம்பிரிட்ஜ் நகரத்துப் பந்தயத் தடத்தில் இளவட்டச் சைக்கிள் வீரர்களையே பின்னுக்குத் தள்ளியதையும் அவர் மூச்சுவிடாமல் விவரித்தார். என் மனைவி கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, அண்ணன் சொல்லாமல் விட்ட கடைசி வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: அன்றைய ஓட்டத்தின்போதே ரோப்பர் வண்டியிலிருந்து சரிந்து இறந்துபோனார்.

"பாய்லர் ஒண்ணும் வெடிக்கல, அவருக்கு மாரடைப்பு" என்று மைத்துனர் திருத்தினார்.

"அந்த மாரடைப்பு எதனால வந்துச்சுங்கண்ணா?" என்று அவள் கேட்டதற்கு, அவர் ரசம் வேண்டும் என்று பதில் சொன்னார்.

எங்கள் வீட்டுப் புழக்கடையில் அத்தை கல்யாணச் சீராகக் கொண்டுவந்த செம்பு வெந்நீர் பாய்லர் ஒன்று இருக்கிறது. நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், மேலே புகைபோக்கி என்ற அதன் அமைப்பு, எந்திரக் கல்லூரிப் பாடத்தில் வரும் செங்குத்துக் கொதிகலனின் அமைப்பேதான்; மேல்மூடி சும்மா வைக்கப்பட்டிருப்பதால் அழுத்தம் மட்டும் சேராது. மைத்துனர் ஒருநாள் அதன் பக்கத்தில் அமர்ந்து காலிப்பரால் தகட்டின் கனத்தை அளந்துகொண்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டார். "எங்கய்யன் குடுத்த சீருடா அது, அதுல கைய வெச்சே, குளிக்கப் பச்சத்தண்ணிதான் உனக்கு" என்று சொன்னதோடு நில்லாமல், மறுநாளே அதைச் சங்கிலியால் கிணற்றடித் தூணோடு பிணைத்துப் பூட்டும் போட்டார். சாவி அவருடைய இடுப்புக்குப் போனது. அடுத்த வாரம் குக்கர் வெயிட்டைக் காணவில்லை என்று சமையலறையிலிருந்து எழுந்த கூக்குரலுக்கு வீட்டில் யாரும் சந்தேகப் பட்டியல் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வெயிட்டை மீட்டுக் கொடுத்தவர், குன்னூர் ஷெட்டில் நீலகிரி மலை ரயில் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்துக்கு உரிய வெயிட்டை நான்கு கிலோ அழுத்தத்தில் ஓடவேண்டிய பாய்லரின் தலையில் வைப்பதைப் பற்றி அவர் சொன்ன கருத்தை இங்கே எழுத முடியாது. அன்று முதல் அவர் கேட்காமலேயே பொறுப்பை எடுத்துக்கொண்டார். கனத்த செம்புக் குழாயை உடலாகவும், ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சிறு குழாய்களை உள்ளே நெருப்புக் குழாய்களாகவும் வைத்து, எல்லா இணைப்புகளையும் வெள்ளி கலந்த கம்பியால்தான் பற்றவைக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஈயப் பற்றாசு 183 பாகையிலேயே உருகிவிடும். நான்கு கிலோ அழுத்தத்தில் நீராவியே 150 பாகையைத் தொட்டுவிடுகிறது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினால் செம்பு அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டபோது மைத்துனர் ஈயச் சுருளை மேசைக்கு அடியில் மறைத்தார். சுருள்வில் வைத்த சேஃப்டி வால்வு, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், அழுத்தமானிக்குக் கீழே பன்றிவால் போல ஒரு வளையம் வளைந்த குழாய் என்று பட்டியல் நீண்டது. அந்த வளையத்தில் தண்ணீர் தேங்கி நின்று, சுடுநீராவி அழுத்தமானிக்குள் நுழையாமல் தடுக்கிறது. அலங்காரத்துக்காக வைத்தது என்றே வீட்டார் இன்றுவரை நம்புகிறார்கள்.

சட்டத்தைக் காட்டி மைத்துனர் ஒருமுறை தப்பிக்கப் பார்த்தார். 25 லிட்டருக்குக் குறைவான கலன் நம் நாட்டுச் சட்டப்படி பாய்லர் என்ற வரையறைக்குள்ளேயே வராது, நம்முடையதோ ஆறு லிட்டர்தான் என்றார். "சட்டத்துக்குத் தெரியாதுங்க தம்பி, நீராவிக்குத் தெரியும்" என்று பெரியவர் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

பாய்லர் சோதனை என்று கேள்விப்பட்டுத் தெருவே திரண்டுவிட்டது. சிலர் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தாங்கள் மட்டும் வந்திருந்தார்கள். நெருப்பே இல்லை என்பதைக் கண்டதும் கூட்டத்தின் முகம் வாடியது. ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகும்போது 1,600 லிட்டருக்கு மேல் விரிகிறது, அதனால் கலன் கிழிந்தால் உயிருக்கு ஆபத்து. குளிர்ந்த தண்ணீரோ அழுத்தினாலும் சுருங்காது, அதனால் விரிசல் விட்டாலும் கசிவதோடு அடங்கிவிடும். எனவே முதலில் காற்றுக் குமிழி கூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஓடவேண்டிய அழுத்தத்தைப் போல இரு மடங்கு ஏற்றிப் பார்ப்பதுதான் முறை என்று பெரியவர் விளக்கினார். பிளம்பர்கள் குழாய் சோதிக்கும் கைப்பம்பை மைத்துனர் அழுத்த, முள் ஐந்தைத் தாண்டி, ஆறைத் தாண்டி, ஏழில் நின்று நடுங்கியது. அப்போது அடித்தட்டின் ஓரத்திலிருந்து தலைமுடியளவு மெல்லிய ஒரு நீர்க்கம்பி புறப்பட்டு, முற்றத்தைக் கடந்து, திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் தலையங்கப் பக்கத்தை நடுவில் நனைத்தது. மாமனார் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது.

ஓட்டையை அடைத்து மறுபடி சோதித்து, சிலிண்டரே ஆடி ஆடித் தன் நீராவி வாசலைத் திறந்து மூடிக்கொள்ளும் எளிய எந்திரத்தைப் பொருத்தி, சங்கிலியைப் பின்சக்கரத்தோடு இணைத்து, கொட்டாங்குச்சிக் கரியில் நெருப்பு மூட்டிய ஞாயிறு காலையில் வண்டி உண்மையாகவே ஓடியது. குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகிவிடுமாதலால், கிளம்பும்போது அது எண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீரைத் துப்பியது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் அதைப் பெற்றுக்கொண்டன. நாய்கள் துரத்தாமல் ஒதுங்கி நின்றன. தெருமுனை தேநீர்க் கடைக்கு முன்னால் கண்ணாடிக் குழாயில் மட்டம் அபாயக் கோட்டுக்கு இறங்கியது. இத்தகைய சிறு எந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்பதால் இதில் அதிசயம் இல்லை. பெரியவரின் கட்டளைப்படி மைத்துனர் நெருப்புத் தட்டைச் சாலையோரம் கவிழ்த்துவிட்டு, டீ மாஸ்டரிடம் சுடுதண்ணீர் கேட்டார்.

"சுடுதண்ணி ஊத்துனா நல்லா ஓடுமுங்களா?" என்று மாஸ்டர் விசாரித்தார்.

தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர லிட்டருக்கு 70 கிலோ கலோரி போதும், ஆனால் கொதிக்கும் அந்தத் தண்ணீரை நீராவியாக மாற்ற மேலும் 540 வேண்டும், ஆகையால் சுடுதண்ணீரால் கிடைக்கும் லாபம் ஒன்பதில் ஒரு பங்குதான் என்று மைத்துனர் நேர்மையாக விளக்கினார்.

மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பச்சத்தண்ணியே ஊத்திக்கங்க. சுடுதண்ணின்னா ரெண்டு டீக்குக் காசாகுமுங்க" என்று சொல்லிக் குழாயடியைக் காட்டினார்.

பச்சைத்தண்ணீர் ஏறியதும் முள் படுத்துவிட்டது. மீண்டும் நெருப்பு மூட்டக் கரியும் இல்லை. மைத்துனர் பாய்லர், எந்திரம், தண்ணீர் ஆகிய அத்தனை பாரத்தையும் சுமந்த சைக்கிளை மிதித்தே வீடு வந்து சேர்ந்தார். வெளியேறும் நீராவியைக் குளிரவைத்து, எண்ணெயை வடிகட்டி, அதே தண்ணீரைத் திரும்ப அனுப்பினால் தேநீர்க் கடையைத் தாண்டிவிடலாம் என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது. அதற்கு நல்ல ரேடியேட்டர் ஒன்று தேவையாம். நேற்று காலை அவர் காலிப்பரோடு என் காரின் முன்பக்கம் குந்தியிருந்தார். அத்தையிடம் இன்னொரு சங்கிலி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.