பிழை விரலில் இல்லை: செகிரோவோடு நான்கு மாதங்கள்

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு, செகிரோ என்ற வீடியோ விளையாட்டில், அஷினாக் கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்ற எதிரித் தலைவன் மண்டியிட்டான். டிவிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அவனிடம் மட்டும் 63 முறை செத்திருக்கிறேன். அறுபத்து நான்காவது முறை ஜெயித்தேன். மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதலில் பொங்கி வருவது கோபம்தான். இந்த நான்கு மாதங்களில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் நான் விளையாட்டோடு போராடவே இல்லை. ஒரு டிவியோடும் ஒரு போலிக் கன்ட்ரோலரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது தெரியாமல், 46 வயதாகிவிட்டது, விரல் இனி சொன்னபடி கேட்காது என்று என்னையே நொந்துகொண்டேன். இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா மகன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபோது அவனுடைய பிஎஸ்4 விளையாட்டுக் கருவி எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே மூன்று டிஸ்க்குகள். கால்பந்தும் கார் பந்தயமும் ஒரு வாரத்தில் அலுத்துவிட்டன. மூன்றாவது செகிரோ. "மாமா, அதை மட்டும் தொடாதீர்கள், கன்ட்ரோலரை உடைத்துவிடுவீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தொட்டேன்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கி 2019 மார்ச்சில் வெளிவந்த விளையாட்டு இது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் வாங்கியது. எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்க வழியே கிடையாது. துணைக்கு இன்னொரு ஆட்டக்காரரை அழைக்க முடியாது. சில்லறை எதிரிகளைக் கொன்று குவித்து வலிமையைக் கூட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் பெரிதாக நடக்காது. வெட்டின் பலம் பெரிய எதிரித் தலைவர்களை வீழ்த்தினால்தான் கூடும். உயிரைக் காட்டும் பட்டை நீள நான்கு ஜெபமாலை மணிகள் சேர வேண்டும். மற்றபடி எல்லாமே நம் கையில்தான் இருக்கிறது. ஒரே ஆறுதல், ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் சண்டையின் நடுவிலும் ஆட்டம் நிற்கும். அழைப்பு மணி அடித்தால் போய்க் கதவைத் திறந்துவிட்டு வரலாம்.

தொடக்கப் பகுதிகளை ஒரு வாரத்தில் கடந்துவிட்டேன். அடுத்து வந்தது சங்கிலியால் கட்டப்பட்ட அரக்கன். அவனிடம்தான் முதல் தண்டம். நான்கு இரவுகள். தூக்கிப் பிடித்து ஒரே வீச்சில் என் உயிரில் பாதியைக் கொண்டுபோய்விடுவான். வாளால் தடுக்க முடியாத பிடி அது. ஐந்தாம் நாள் அக்கா மகனுக்குப் போன் செய்தபோது அவன் கேட்டான்: "நெருப்புக் குழாய் வாங்கினீர்களா மாமா?" எந்தக் குழாய்?

விஷயம் இதுதான். அரக்கனுக்கு முன்பே, வழியோரத்தில் இடிந்த வீடு ஒன்றில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் சிறு மணி ஒன்றைத் தருவார். அதைப் பாழடைந்த கோயிலில் இருக்கும் புத்தர் சிலைக்குப் படைத்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் எரிந்த ஹிராட்டா மாளிகையின் நினைவுக்குள் நுழையலாம். அங்கே தீ மூட்டிக் குளிர்காயும் கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு குழாயை எடுத்துவந்து கோயிலில் இருக்கும் சிற்பியிடம் கொடுத்தால், நம் நாயகனின் செயற்கைக் கையில் நெருப்பு பொருத்தித் தருவார். சிவந்த கண்ணுள்ளவர்கள் நெருப்புக்கு அஞ்சுவார்கள். இதைக் காவல் வீரர்கள் பேசிக்கொள்வதை மறைந்திருந்து ஒட்டுக்கேட்டால் விளையாட்டே சொல்லிவிடுகிறது. நானோ மூதாட்டியின் வீட்டு வாசல் வழியாகவே ஓடினேன். ஒட்டுக்கேட்க வேண்டிய வீரர்களை முதுகில் குத்திக் கொன்றுவிட்டேன். சாதிச் சான்றிதழ் இல்லாமல் நான்கு நாள் தாலுகா அலுவலக வரிசையில் நின்றதைப் போலத்தான். நெருப்பு கைக்கு வந்த பிறகு மூன்றாவது முயற்சியிலேயே அரக்கன் விழுந்தான். கூரை கண்ட இடமெல்லாம் ஏறுங்கள், வீடு கண்ட இடமெல்லாம் நுழையுங்கள், யாராவது பேசிக்கொண்டிருந்தால் உடனே வாளை உருவாதீர்கள்.

இனி பெரிய தண்டத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டின் உயிர் எல் ஒன் பொத்தானில் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் வாள் வெறுமனே தடுக்கும். எதிராளியின் வாள் நம்மைத் தொடும் அந்த நொடியில் சரியாக அழுத்தினால் அவன் வீச்சு தட்டிவிடப்படும். தடுத்துக்கொண்டே இருந்தால் நம் போஸ்சர் பட்டை, அதாவது நிலைதடுமாற்றத்தைக் காட்டும் பட்டை, நிரம்பி நிலை குலைந்துபோவோம். தட்டிவிட்டால் அவன் பட்டை நிரம்பும். அது முழுதாக நிரம்பினால் உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஒரே குத்தில் அந்த உயிர்ப்பட்டையின் கதை முடியும். இதற்கான இடைவெளி மிகக் குறுகியது. பதற்றத்தில் பொத்தானைப் படபடவென்று அழுத்தினால் இன்னும் குறுகிவிடும்.

எனக்கு எப்போதும் ஒரு கணம் பிந்தியது. கண்ணால் பார்த்துச் சரியாகத்தான் அழுத்தினேன் என்று சத்தியம் செய்வேன், திரையில் வெட்டு விழுந்திருக்கும். குதிரைமேல் வரும் கியோபு என்ற தலைவனைக்கூடப் பட்டாசு வெடித்துக் குதிரையை மிரளவைத்துத்தான் ஒருவாறு முடித்தேன். தட்டிவிட்டு ஜெயிக்கவில்லை. அதன் பிறகு கெனிச்சிரோவிடம் 30 முறைக்கு மேல் செத்தேன்.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்தான். கன்ட்ரோலரை வாங்கி ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. "டிவியில் கேம் மோட் போடவில்லையா மாமா?" என்றான். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி ஒவ்வொரு காட்சியையும் உள்ளே வாங்கிப் பிசைந்து பிறகுதான் காட்டுகிறது. சில டிவிகளில் அந்தத் தாமதம் 100 மில்லி நொடியைத் தாண்டும். சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியாது. செகிரோவில் அது தலையை எடுக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஏற்கெனவே நடந்து முடிந்த வெட்டு! டிவியை மாட்ட வந்தவர் "எல்லாம் செட் செய்துவிட்டேன் சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வாடிக்கையாளர் சேவைக்கு நான் போன் செய்து, படம் தாமதமாக வருகிறதா என்று கேட்டபோது, பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னார்கள். இரண்டு தடவை சொன்னார்கள். பட அமைப்புக்குள் போய் கேம் மோடை அழுத்த எனக்கு ஆனது அரை நிமிடம். அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதோடு முடிந்ததா? இல்லை. பழைய கன்ட்ரோலர் தேய்ந்துவிட்டது என்று எண்ணி, பஜாரில் ஒரு கடையில் 1,900 ரூபாய் கொடுத்துப் புதிது வாங்கியிருந்தேன். பெட்டி, முத்திரை எல்லாம் அசல் போலவே இருந்தன. கேம் மோட் போட்ட பிறகும் ஐந்தாறு தட்டலுக்கு ஒன்று தவறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் எதிரிகள் இல்லாத கோயில் முற்றத்தில் நின்று எல் ஒன் பொத்தானை நிதானமாக ஐம்பது முறை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓநாய் (நாம் ஆட்டுவிக்கும் நாயகனின் பெயர்) வாளை உயர்த்த வேண்டும். 41 முறைதான் உயர்த்தினான். கடைக்குக் கொண்டுபோனால், பெட்டியைப் பிரித்துவிட்டால் வாபஸ் இல்லை என்று பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்கள். "கேமே கஷ்டமான கேம் சார், ரிமோட் என்ன செய்யும்?" என்று வேறு கேட்டார் கல்லாவில் இருந்தவர். ஐம்பதுக்கு ஒன்பது தவறுகிறது என்று அங்கேயே காட்டுகிறேன் என்றேன். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த 1,900 ரூபாய் இன்னும் வயிற்றில் எரிகிறது.

கடைசியில் மொபைல் பழுது பார்க்கும் தம்பி ஒருவர், தேய்ந்துவிட்டது என்று நான் ஒதுக்கிய பழைய கன்ட்ரோலரைத் திறந்து தூசி எடுத்துத் தந்தார். 250 ரூபாய். ஐம்பதுக்கு ஐம்பது. ஆகவே, இந்த விளையாட்டைத் தொடங்குகிறவர் முதல் நாளே இந்த இரண்டையும் பாருங்கள்: டிவியில் கேம் மோட், எல் ஒன் பொத்தானுக்கு ஐம்பது அழுத்தல். பிறகு உங்களை நீங்கள் திட்டிக்கொள்ளலாம்.

நான் வீணடித்தவை இன்னும் உண்டு. செத்தால் கையிலிருக்கும் சென் நாணயத்தில் பாதி போய்விடும். கடைக்காரரிடம் பணமுடிச்சாக வாங்கி வைத்துக்கொண்டால் அதைச் சாவு தொடாது. இது தெரிவதற்குள் எத்தனை நூறு போயிற்றோ. அடுத்து டிராகன்ராட் நோய். நாம் திரும்பத் திரும்பச் செத்தால் நமக்கு உதவியவர்களுக்கு இருமல் வருகிறது. சாவில் எதையும் இழக்காமல் தப்பிக்க இருக்கும் 30 சதவீத வாய்ப்பும் குறைகிறது. அந்தச் சிற்பி இருமுவதைக் கேட்டதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. உடனே மருந்துத் துளியைச் செலவழித்துவிட்டேன். ஒரு துளி எல்லோரையும் ஒரே சமயத்தில் குணமாக்கும், ஆனால் துளிகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு பெரிய தலைவனை வென்ற பிறகு போடுவதே முறை. நான் போட்ட மறுநாளே பத்து முறை செத்தேன், எல்லோரும் மீண்டும் இருமினார்கள்.

சரியான கருவிகளோடு முதலிலிருந்து பழகினேன். கோயில் முற்றத்தில் ஹன்பே என்று சாக முடியாத ஒரு சாமுராய் நிற்கிறார். தன்னை வெட்டிப் பழகிக்கொள்ளச் சொல்கிறார். அவரிடம் தினம் அரைமணி நேரம். அப்படி ஒரு நாள், சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, ஒரு சத்தம் மொத்தென்று விழுகிறது, இன்னொன்று கணீரென்று இருக்கிறதே, ஏன்?" அவருக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் அடுப்படியில் நின்றே வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார். வெறுமனே தடுத்தால் மொத்தென்ற ஓசை, பொறி மங்கல். தட்டிவிட்டால் வெண்கலத்தில் தட்டியதைப் போல ஓசை, பொறி பளிச்சென்று சிதறும். நான் அதுவரை வாளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் காதால் ஆடினேன். ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, அடுத்த கணீர் எப்போது விழ வேண்டும் என்று எண்ணிக்கொண்டு விரலை இறக்கினேன். தாளம் போடுகிறவர் கையைப் பார்த்தா போடுகிறார்? அந்த ஒரு வாரத்தில் கற்றது முந்தைய மூன்று மாதத்தில் கற்றதைவிட அதிகம்.

கெனிச்சிரோவிடம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விலகி ஓடாதீர்கள். தூரம் போனால் பெரிய வில்லை எடுப்பான், உயிரைக் கூட்டும் மருந்துக் குடுவையை நாம் வாயில் வைத்தால் அம்பு வரும். அவன் முகத்துக்கு நேரே நின்றால்தான் பிழைக்கலாம். அவனுக்கு உயிர் நிறைய இருக்கும்போது அவன் போஸ்சர் பட்டை சீக்கிரம் இறங்கிவிடும், எனவே முதலில் நாலு வெட்டாவது விழட்டும். துள்ளிக் குதித்து இறங்கிய பின் சிவப்பு எழுத்து மின்னினால், அடுத்து வருவது குத்தா, காலை வாரும் வீச்சா என்று பார்க்க வேண்டும். குத்தினால் மிகிரி, அதாவது அவன் பக்கமே பாய்ந்து வட்டப் பொத்தானை அழுத்தி வாளை மிதிக்க வேண்டும். வாரினால் குதித்து, மீண்டும் குதித்து அவன் தலையில் உதைக்க வேண்டும். வாளின் முனை நம்மைப் பார்த்தால் குத்து, பக்கவாட்டில் தாழ்ந்தால் வீச்சு. நான் குத்துக்குக் குதித்து மட்டும் இருபது முறையாவது செத்திருப்பேன். மிகிரியை மற்ற எந்தத் திறனுக்கும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு உயிர்ப்பட்டைகள் முடிந்து மூச்சு விடும்போது, வானம் இருண்டு, கவசம் இல்லாத மார்போடு மூன்றாம் முறை எழுகிறான். முதல் தடவை அதைப் பார்த்தபோது கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். வாளில் மின்னலை ஏற்றி வீசுவான். தரையில் நின்று வாங்கினால் அதிர்ந்து உறைந்துபோவோம். காற்றில் இருக்கும்போது வாங்கி, கால் தரையில் படும் முன் வெட்டும் பொத்தானான ஆர் ஒன்னை அழுத்தினால் அதே மின்னல் அவன்மீது திரும்பும். கேட்க எளிது. மின்னலை நோக்கிக் குதிக்க உடம்பு சம்மதிப்பதற்கு எனக்குப் பதினோரு சாவு ஆனது.

நேற்று ஆடும்போது குடுவையில் ஒரு வாய்கூட மிச்சம் இல்லை. அவன் கை உயர்ந்தது, குதித்தேன், திரை வெளுத்தது, அழுத்தினேன். அவன் துடித்து நின்றான். அடுக்கடுக்கான வெட்டுகள், கணீர் கணீர் கணீர். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். மீண்டும் மின்னல், மீண்டும் குதித்தேன்.

பதினொன்று இருபதுக்கு அக்கா மகனுக்கு ஒரு வரி அனுப்பினேன். பதில் எழுதவில்லை, உடனே அழைத்தான். வாழ்த்தெல்லாம் பிறகு. முதல் கேள்வியே, "மின்னலைத் திருப்பி அடித்தீர்களா மாமா?"

"இரண்டு முறை" என்றேன்.