315-ஆம் இடம்

மார்ச் 4

அப்பாவின் ரத்தப் புற்றுநோய் எண், நூற்றுக்கு 0.4. போன தடவை 0.06.

மார்ச் 5

அப்பாவுக்கு அது ஒரு சின்ன எண். "நூத்துல அரைகூட இல்லையேம்மா, இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கே" என்கிறார். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான எல்லை 0.1, அதற்குக் கீழே இருந்தவரை நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம்.

அத்தை போனில் கேட்டார். தமிழில் சொல்லும்போது நோய்க்குக் காரணமான அந்த மரபணுவும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL), அதை எண்ணுகிற சோதனையும் பிசிஆர் (PCR). இரண்டும் வேறு வேறு என்று விளக்கப்போய், கடைசியில் "எது ஏறியிருக்கு, சோதனையா?" என்று கேட்டுவிட்டார். ஆமாம் அத்தை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டாக்டர் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கூடவே மருந்தை வேலை செய்யவிடாத மரபணுத் திரிபு இருக்கிறதா என்றும் பார்க்கப் போகிறார்கள். இரண்டு வாரம் ஆகுமாம்.

மார்ச் 7

கணினியில் புரதங்களின் அசைவைக் கணக்கிடுவது என் வேலை. இப்போது பார்க்க வேண்டியது ஜேக்-2 புரதத்தின் 617-ஆம் இடம். வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபீனைல்அலனின் வந்து உட்காரும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவில்லாமல் செய்து தள்ளும். 2005-இல் நான்கு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த திரிபு. இன்று அந்த ஃபைலைத் திறக்கவே கை போகவில்லை. ஏபிஎல் புரதத்தின் கட்டமைப்பை இறக்கி, அப்பாவின் மாத்திரையான இமாட்டினிப் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

315-ஆம் இடத்தில் திரியோனின். அதன் பக்கச் சங்கிலியில் ஓர் ஆக்ஸிஜன். அப்பாவின் மாத்திரை ஒரு ஹைட்ரஜனை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நிற்கிறது (வேறு பிடிமானங்களும் உண்டு, இந்த இரண்டு நாளாக எனக்கு இது மட்டும்தான் கண்ணில் படுகிறது). மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி ஏசிடி என்பது ஏடிடி ஆனால் திரியோனின் போய் ஐசோலூசின் வந்துவிடும். அப்புறம் பிடித்துக்கொள்ள ஆக்ஸிஜன் கிடையாது, போதாததற்கு வழியில் கார்பன் வேறு புடைத்துக்கொண்டு நிற்கும், மருந்து உள்ளே நுழையவே முடியாது. இமாட்டினிப்புக்கு 2001-இல் அங்கீகாரம் கிடைத்தது. அதே வருடம் இந்தத் திரிபைப் பற்றிய கட்டுரையும் வந்துவிட்டது. மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

இரவு 11 மணிக்கு அந்தத் திரிபோடு கணினியில் ஒரு ஓட்டம் போட்டேன். பெயர் "சும்மா2". எங்கள் குழுவுக்குக் கொடுத்த கணினி நேரம் அது. கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

மார்ச் 8

க்யூவிலேயே நிற்கிறது.

மார்ச் 10

ஓடுகிறது. ஒரு அடிக்கு 2 ஃபெம்டோ நொடி. 500 நானோ நொடி போக 25 கோடி அடி வைக்க வேண்டும். அத்தனையும் நடந்து முடித்தால் கிடைப்பது ஒரு நொடியில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. அப்பா உடம்பில் ஏதாவது நடந்திருந்தால் அது மாதக்கணக்கில் நடந்திருக்கும், இதை வைத்து அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இதை வகுப்பில் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். சரி, ஓடட்டும்.

மார்ச் 11

ராத்திரி அப்பாவுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு. தேய்த்துவிட்டேன். கல் மாதிரி இருந்தது.

மார்ச் 13

315-ஆக இருந்தால் போனாட்டினிப் என்ற மருந்து இருக்கிறது. நடுவில் கார்பனுக்கும் கார்பனுக்கும் முப்பிணைப்பு, ஒல்லியான குச்சி மாதிரி ஐசோலூசினை இடிக்காமல் போய்விடும். 2012-இல் வந்தது. வரைந்தவர்களைக் கட்டிப்பிடிக்கலாம் போல அவ்வளவு அழகு. ஆனால் தமனி அடைப்பு வரலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது, அப்பாவுக்கோ ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தாயிற்று. அப்புறம் அஸ்கிமினிப், 2021. அது 315 பக்கமே போகாது, புரதத்தின் வேறொரு மூலையில் மிரிஸ்டாயில் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இந்தத் திரிபு இருந்தால் வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. இல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 80. அவர் தாங்குவாரா? சிறுநீரகம், ரத்த அழுத்தம், கணையம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியாகத் தாளில் எழுதிக்கொண்டே போனேன், பின்பக்கமும் நிரம்பிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து "பரீட்சையா?" என்றார்.

ஒருவேளை 315 இல்லாமல் வேறு இடமாக இருந்தால்? அந்தப் பக்கம் யோசிக்கவே மனசு போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 14

அப்பா ஜேனட் ரௌலி கதையை மறுபடி சொல்லச் சொன்னார். 1960-இல் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோய் வந்தவர்களிடம் பார்த்தது ஒரு குட்டையான குரோமோசோம், அவ்வளவுதான். அது 9-ம் 22-ம் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று 1973-இல் காட்டியவர் ரௌலி. குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தரித்து அடுக்கிக்கொண்டிருந்த அம்மா. அப்பாவுக்கு அந்த மேசைதான் பிடிக்கும். "கத்தரிக்கோலை வச்சே கண்டுபிடிச்சுட்டாங்க, நீ ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழறே."

மார்ச் 15

ஒன்றும் வரவில்லை.

மார்ச் 17

மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார். தேடும்போது அலமாரியில் துணிக்கு அடியில் ஒரு பழைய கண்ணாடிக்கூடு. கண்ணாடி இருக்கும் என்றுதான் திறந்தேன். மாத்திரைகள். சில ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் பொடி உதிர்ந்து. கட்டில்மேல் கொட்டி எண்ணினேன். 37. மறுபடி எண்ணினேன். 37.

மார்ச் 18

போன சோதனைக்கு அப்புறம்தானாம். பிடிப்பு வந்த மறுநாள் போடமாட்டாராம், எங்கேயாவது வெளியே போகிற நாளிலும் போடமாட்டாராம், கண் இமை வீங்கிக்கொள்கிறது, பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். "ஒன்பது வருஷம் போட்டாச்சே, ஒருநாள் விட்டா என்ன ஆயிடும்?" தூக்கிப் போட மனசு வரவில்லையாம், அதனால் சேர்த்து வைத்தாராம். மூன்று மாதம், 90 நாள், உள்ளே போனது 53. நூற்றுக்கு அறுபதுகூடத் தேறவில்லை.

கத்தினேன். எண் ஏறினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்பதுதான். டாக்டர் கேட்டாராம், ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். நான் கேட்கவே இல்லை. 25 கோடி அடி நடக்க விட்டேன், பக்கத்து அறைக்குப் போய் இதைக் கேட்கவில்லை.

கத்தி முடித்ததும் உள்ளுக்குள் ஏதோ லேசானது மாதிரி இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

மார்ச் 19

டாக்டரிடம் போனில் அவரையே சொல்ல வைத்தேன். திட்டவில்லை. கால் பிடிப்புக்கு என்ன செய்யலாம் என்று பத்து நிமிடம் பேசினார். சும்மா2 முடிந்துவிட்டது. திறக்கவில்லை.

மார்ச் 21

திரிபு எதுவும் தென்படவில்லை.

ஆனால் மரபணு எழுத்துகளைப் படிக்கிற சாங்கர் முறைக்கு, நூற்றில் பதினைந்து இருபது பங்காவது மாறியிருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் கீழே ஒளிந்திருந்தால்? அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

மார்ச் 22

ஜேக்-2 ஓட்டம் போட்டாயிற்று. க்யூவில் 14-ஆவது. கெண்டைக்கால் இன்றும்