அமெரிக்க வரலாற்றுத் தாள்: கைடில் இல்லாத கருப்பினத்தவரை எப்படிப் படிப்பது?

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாள் எழுதப் போகிறவர்களுக்காக இது. பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் குடிமை உரிமை இயக்கம் ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும். கைடுகளில் அதற்கு ஒரே விடைதான்: பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு ரோசா பார்க்ஸ் எழ மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் தலைமை ஏற்றார், பேருந்துப் புறக்கணிப்பு வென்றது. தவறில்லை. ஆனால் ‘வெற்றிக்கான காரணங்களை ஆராய்க’ என்று கேட்டால் இதை வைத்து ஒரு பக்கம்கூட நகராது.

நான் வழக்குகளைப் பிடித்துக்கொண்டு படித்தேன். யார் தொடுத்தது, யார் வாதாடியது, தீர்ப்புக்கு முன் தெருவில் என்ன நடந்தது என்று தேடினால் பாடநூல் விட்டுவிட்டவர்கள் தாமாகவே வந்து நிற்பார்கள்.

இந்தப் புறக்கணிப்பு நடந்த அலபாமா மாநிலத்து மான்ட்காமரி நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பேருந்துகளில் இனப்பிரிவினையைச் சட்டப்படி ஒழித்தது ‘பிரவுடர் எதிர் கெய்ல்’ வழக்கு. அதில் ரோசா பார்க்ஸ் வாதி அல்ல. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் இழுபடும் என்பதால், வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வேறு நான்கு பெண்களை வைத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்: அரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். இவர்களில் கால்வின் 1955 மார்ச் 2 அன்றே, பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, எழ மறுத்துக் கைதானவர். அப்போது வயது 15. சிறுமி, ஏழை, பிறகு மணமாகாமலே கருவுற்றவர் என்பதால் உள்ளூர்த் தலைவர்கள் அவரை இயக்கத்தின் முகமாக முன்னிறுத்தவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அவர் தேவைப்பட்டார்! 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவினைக்கு எதிரான தீர்ப்பை உறுதி செய்தது. 381 நாள் புறக்கணிப்பு டிசம்பரில் முடிந்தது.

வழக்கின் பெயரில் இருக்கும் கெய்ல் அந்நகர மேயர். ஆங்கில விரிவுரையாளர் ஜோ ஆன் ராபின்சன் 1954 மே மாதமே, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பு வந்த சில நாட்களில், அவருக்குக் கடிதம் எழுதிப் பேருந்துப் புறக்கணிப்பு வரக்கூடும் என்று எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவில் கல்லூரியில் இருந்தபடி பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சுருள்அச்சில் எடுத்ததும் இவர்தான். கிங் தலைவராகத் தேர்வானது அதற்குப் பிறகு. இந்த வரிசையை எழுதினாலே ‘ஆராய்க’ என்பதற்குப் பாதி விடை வந்துவிடும்.

பிரவுன் தீர்ப்பைப் படிக்கும்போது அந்த வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷலோடு நிறுத்தாதீர்கள். ஹோவர்டு சட்டப் பள்ளியில் அவருக்குப் பாடம் எடுத்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்தான் வியூகத்தை வகுத்தவர். முதலில் சட்டக் கல்லூரிகளைக் குறிவைத்தார். கருப்பினத்தவருக்கென்று சமமான இன்னொரு சட்டக் கல்லூரி நடத்துவது மாநிலங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது கணக்கு. மிசௌரி சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட கருப்பின மாணவரின் 1938 கெய்ன்ஸ் வழக்கில் அது பலித்தது. 1950இல் இறந்துவிட்டதால் 1954 தீர்ப்பை அவர் பார்க்கவில்லை.

காந்தியத் தாக்கம் பற்றிய வினா நம் ஊர்த் தேர்வுகளில் எதிர்பார்க்கக்கூடியது. ‘கிங் காந்தியால் ஈர்க்கப்பட்டார்’ என்ற வரியை எல்லோரும் எழுதுவார்கள். அந்தச் சிந்தனை எந்த வழியாகப் போனது என்று காட்டுங்கள். 1948இல் இந்தியா வந்த கருப்பினச் செயற்பாட்டாளர் பேயர்ட் ரஸ்டின், 1956இல் மான்ட்காமரி சென்று கிங்குக்கு அறப்போராட்ட முறைகளை எடுத்துச் சொன்னார். நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில்லில் மாணவர்களுக்கு அடி வாங்கியும் திருப்பி அடிக்காமல் இருக்கப் பயிற்சி கொடுத்தார். 1963 வாஷிங்டன் பேரணியைக் கட்டி எழுப்பியவரும் ரஸ்டினே. தன்பாலின ஈர்ப்பாளர், பழைய கம்யூனிஸ்ட் என்ற எதிர்ப்பு இருந்ததால், தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் பேரணியின் இயக்குநர் பட்டத்தைத் தானே ஏற்று ரஸ்டினைத் துணையாக வைத்துக்கொண்டார்.

ஒரு கட்டுரைக்கு இப்படி மூன்று பேர் போதும். பட்டியல் போட்டால் மனப்பாடம் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். ஆண்டுகளை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் முதலிலேயே கிறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் பற்றிச் சிறுகுறிப்பு கேட்டால் ராபர்ட் ஸ்மால்ஸ் கைகொடுப்பார். அடிமையாக இருந்தவர், 1862 மே 13 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளான்டர்’ கப்பலைக் குடும்பத்தோடு ஓட்டிச் சென்று உள்நாட்டுப் போரில் வட மாநிலங்கள் பக்கமிருந்த ஒன்றியக் கடற்படையிடம் ஒப்படைத்தார். பின்னர் தென் கரோலினாவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே மாநிலம் 1895இல் கருப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க அரசியலமைப்பைத் திருத்தி எழுதியபோது, அந்த அவையில் எழுந்து எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.