எந்தத் தட்டை முதலில் எடுப்பது

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் என்னைப் போன்ற நகைக்கடை விற்பனையாளருக்குப் பேச்சுதான் பாதிச் சம்பளம். மீதிப் பாதி, எந்தத் தட்டை முதலில் எடுத்து வைக்கிறார் என்பதில் இருக்கிறது. கனமான சங்கிலிகளை முதலில் காட்டிவிட்டால், அடுத்து வரும் இரண்டு பவுன் கைக்கு அடக்கமாகத் தெரியும். விலையில் ஒரு டாலர்கூட மாறியிருக்காது. இதை நான் தப்பென்று நினைப்பதில்லை. எதையாவது முதலில் காட்டித்தானே ஆக வேண்டும்?

'இதுதான் கடைசிப் பீஸ்' என்பது வேறு ரகம். உள்ளே அதே டிசைன் இன்னும் இருக்கும்போது அப்படிச் சொன்னால் பொய். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

என்னை யோசிக்க வைப்பது 'எந்த ஊரு தம்பி?' என்ற கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை இருக்கும் தேக்கா பக்கம் வந்தால், வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளிலிருந்து வரும் பையன்களைப் பார்க்கலாம். தங்கச்சி கல்யாணம் என்று நகை பார்க்க வருவார்கள். பட்டுக்கோட்டை என்று ஒருவர் சொன்னால், நான் மன்னார்குடி என்பேன், நிஜமும் அதுதான். பக்கத்துக் கடையிலும் விலை கேட்கலாம் என்று நினைத்து நின்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊர்க்கார அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. நான் எதுவுமே செய்யாமல் ஓசியில் கிடைத்தது அது. அதைக் காட்டி, செய்கூலி கூடுதலான கல் வைத்த நெக்லஸை அவர் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நகையில் 916 என்று இருந்தால் 22 காரட், நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். எளிய சங்கிலியானாலும் வேலைப்பாடு மிகுந்த நெக்லஸானாலும் இது ஒன்றுதான். நாளைக்கு ஓர் அவசரத்துக்கு விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் காசு, செய்கூலி திரும்பி வராது. இதை நானே முதலில் சொல்லிவிடுவேன். 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து மொத்தத் தொகையையும் எழுதிக் காட்டுவேன். அப்புறமும் அவர் கல் நெக்லஸையே கேட்டால், சரி, தங்கச்சி ஆசைப்பட்டிருக்கும், சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பேன். (இப்படி உடைத்துச் சொல்வதால் நம்பிக்கை இன்னும் கூடுகிறது, வியாபாரமும் நடக்கிறது. 'அப்போ இதுவும் ஒரு டெக்னிக்தானே?' என்பாள் என் மனைவி. இருக்கலாம்.)

அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கினால், வார இறுதியும் பொது விடுமுறையும் போக 5 நாளுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டம் இடம் தருகிறது. கடைக்குத் தானாக நடந்து வந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் தயங்குகிறவர்களிடம், 'போய்ச் சாப்பிட்டுட்டு, நாலு கடை பார்த்துட்டு வாங்க தம்பி' என்பேன். முதலாளிக்கு இது பிடிக்காது. சிலர் திரும்பி வருவதில்லை என்பதும் உண்மை.

வீட்டிலும் இந்த வேலை நடக்கும். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க உடல்நலத் திட்டத்தில் பெயர் பதிந்த மாமனார், இலவசப் பரிசோதனைக்கு மட்டும் போக மாட்டார். 'போறீங்களா மாமா?' என்றால் 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்பார். 'செவ்வாயா, வியாழனா?' என்று கேட்டதும் வியாழன் என்றார். இன்னும் முடிவே செய்யாத வாடிக்கையாளரிடம் 'ரொக்கமா, நெட்ஸ் கார்டா?' என்று கேட்பதும் இதே வித்தைதான். ஆனால் கடையில் அது எனக்கு உறுத்துகிறது, வீட்டில் உறுத்தவில்லை. மாமனார் வியாழக்கிழமை காலையில் 'இன்னைக்கு வேணாம்ப்பா' என்றால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அவருக்கு நட்டமில்லை. நகையைப் பெட்டியில் வைத்து பில் போட்ட பிறகு அப்படிச் சொல்ல, அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பிக்கு வாய் வராது.