44,100-லிருந்து 48,000-க்கு: சாம்பிள் ரேட் மாற்றத்தை நான் படித்த வழி

டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) பாடத்தில், சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து சாம்பிள் எடுக்கிறோம் என்பதை, மாற்றும் மல்டிரேட் பகுதியைப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் படிக்கிறோம்: அப்சாம்ப்ளிங் (ரேட்டைக் கூட்டுவது), டவுன்சாம்ப்ளிங் (குறைப்பது), நடுவில் ஒரு லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை வெட்டுவது), கடைசியில் பாலிஃபேஸ் (அந்த ஃபில்டரைக் கட்டங்களாகப் பிரித்து ஓட்டுவது). எழுத்துத் தேர்வுக்கு இது சரி. ஆடியோவில் ப்ராஜெக்ட் எடுத்து வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) போகிறவர்களுக்கு இது போதாது. அவர்களை நான் வேறு பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

ஒவ்வொரு சாம்பிள் இருக்கும் இடத்திலும் அதன் உயரத்துக்கு ஏற்ற ஒரு சிங்க் வளைவை (நடுவில் உயர்ந்து, இருபுறமும் அலையலையாகத் தேயும் sin(πx)/πx வளைவு) வைத்துக் கூட்டினால் மூல அலை திரும்பக் கிடைக்கும். அந்த அலையை எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் அளக்கலாம். சாம்பிள் ரேட் மாற்றம் என்பது இவ்வளவுதான். சிங்க் முடிவில்லாமல் நீள்வதால் கைசர் விண்டோ (ஓரங்களை மெல்ல அடக்கும் ஒரு வளைவு) போட்டு வெட்டுகிறோம்; அதுதான் நம் ஃபில்டர். அதன் மதிப்புகளை ஒரு டேபிளில் வைத்துக்கொண்டு, இரண்டு பதிவுகளுக்கு நடுவே தேவைப்படும் மதிப்பை நேர்கோட்டு இன்டர்போலேஷனில் எடுக்கிறோம். ஜூலியஸ் ஸ்மித்தும் ஃபில் காசெட்டும் 1984-இல் வெளியிட்ட முறை இது.

இனி பேனாவை எடுத்து ஒரு கணக்காவது கையால் போடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. நொடிக்கு 44,100 சாம்பிள்களிலிருந்து 48,000-க்குப் போகும்போது விகிதம் 160/147. அதனால் ஒவ்வொரு வெளியீட்டுச் சாம்பிளுக்கும் உள்ளீட்டில் 0.91875 நகர்கிறோம். முதல் நகர்வில் நிற்கும் இடம், அடுத்தடுத்த உள்ளீட்டுச் சாம்பிள்களான x[0]-க்கும் x[1]-க்கும் நடுவே. டேபிளில் ஒரு சாம்பிள் தூரத்துக்கு 512 பதிவுகள் என்றால், x[0]-க்கான முகவரி 0.91875 × 512 = 470.4. ஆகவே 470-ஆவது பதிவில் 0.6 பங்கு, 471-ஆவதில் 0.4 பங்கு. அதற்கும் இடப்பக்கம் உள்ள சாம்பிளுக்கு 512 கூட்டினால் 982.4. வலப்பக்கம் x[1] இருக்கும் தூரம் 0.08125, முகவரி 41.6. வளைவு சமச்சீரானது என்பதால் பாதி டேபிள் போதும். இதை எழுதி முடித்தவருக்கு நிரல் எழுதுவது ஒரு மாலை வேலை.

512 ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். பதிவுகளை இரட்டித்தால் நேர்கோட்டு இன்டர்போலேஷனின் பிழை நான்கில் ஒன்றாகும், அதாவது 12 டெசிபல் குறையும். 16 பிட் ஃபில்டர் கெழுக்களுக்கு (டேபிளில் உள்ள மதிப்புகளுக்கு) 512 போதும். இன்டர்போலேஷன் இல்லாமல் பக்கத்துப் பதிவை அப்படியே எடுத்தால் 6 டெசிபல்தான் குறையும். டேபிள் மிகப் பெரிதாகிவிடும்.

அடுத்த கேள்வி: 160 கட்டப் பாலிஃபேஸ் துல்லியமாகவே வேலை செய்யும்போது இது எதற்கு? 44,100-ஐ 44,101 ஆக்கச் சொன்னால் 44,101 கட்டங்கள் வேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் மெல்ல விலகும்போது விகிதம் நிலையாகவே இருக்காது. டேபிள் முறைக்கு இரண்டும் ஒன்றுதான். நகரும் அளவு மட்டும் மாறும்.

அதிகம் நேரம் கொடுக்க வேண்டியது ரேட்டைக் குறைக்கும் பகுதிக்கு. 96,000-லிருந்து 44,100-க்கு வரும்போது அதே ஃபில்டரை அப்படியே வைத்தால், 30,000 ஹெர்ட்ஸ் ஒலி 14,100-இல் வந்து நிற்கும். காதுக்கு நன்றாகவே கேட்கும். அதைத் தடுக்க ஃபில்டரின் வெட்டு அதிர்வெண்ணை, 44,100-இன் பாதியான 22,050-க்குக் கீழே இறக்க வேண்டும். தனி டேபிள் வேண்டாம். டேபிளில் நடக்கும் அடியை 512-லிருந்து 44,100/96,000 = 0.459375 என்ற விகிதத்தில், 235.2 ஆகக் குறைத்தால் வளைவு தானே விரியும். கூட்டலில் சேரும் சாம்பிள்கள் இரண்டு மடங்குக்கு மேலாகும், விடையை 0.459375-ஆல் பெருக்கினால்தான் ஒலி அளவு மாறாமல் இருக்கும்.

வைவாவுக்கு எடுத்துப் போக ஒரு படம் போதும். 96,000-இல் 0 முதல் 48,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஸ்வீப்பை உங்கள் நிரலில் ஓட்டி, வெளியீட்டின் ஸ்பெக்ட்ரோகிராமை (நேரம் போகப் போக அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படம்) எடுங்கள். 22,050 அருகே கோடு மறைந்துவிட்டால் ஃபில்டர் சரி. அங்கிருந்து மடங்கிக் கீழே இறங்கும் கோடு தெரிந்தால் அதுதான் அலையாசிங். அந்தக் கோடு எத்தனை டெசிபல் அடக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.